மீன் தொட்டி பம்பின் பாய்ச்சலை அடக்குதல்: இரண்டரை அடித் தொட்டியில் செய்த வேலை

தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், உயரமும் அதே. செ.மீ. கணக்கில் 75 × 38 × 38, கண்ணாடிப் பெட்டியின் கொள்ளளவு 108 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 85 லிட்டர். அதற்குள் ஓடுவது 1000 லிட்டர்/மணி, 1.4 மீட்டர், 18 வாட் என்று பெட்டியில் அச்சிட்ட முங்கு பம்ப். இடம் பெங்களூர் அல்சூரில் ஒரு ஃபிளாட், போர்வெல் தண்ணீர்.

நான்கு ஏஞ்சல் மீன்களும் ஒரே மூலையில் ஒதுங்கி, நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கின்றன. போட்ட தீனி அவற்றின் வாய்க்கு வருமுன் சுழன்றுபோய் பம்பின் ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. பம்பின் வாய்க்கு நேரெதிரே மணல் குழிந்து அடிக்கண்ணாடி தெரிகிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தீனி போடும் நேரத்தில் மட்டும் பம்பை நிறுத்திச் சமாளிக்கலாம். மூன்றும் சேர்ந்திருந்தால் பாய்ச்சலைக் குறைத்தே ஆகவேண்டும்.

கை வைக்குமுன் ஒரு கேள்வி. குறைய வேண்டியது தண்ணீரின் அளவா, வேகமா? ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் சுற்றுகிறது என்பது அளவு. வாயிலிருந்து எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுகிறது என்பது வேறு. மீனைத் தள்ளுவது வேகம்தான். ஃபில்டருக்கு வேண்டியது அளவு. இந்தப் பம்பின் வாய் 12 மி.மீ. உள்விட்டம். மணிக்கு 800 லிட்டர் அதன் வழியே போனால் தாரையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். அதே 800 லிட்டரை 20 மி.மீ. வாய் வழியே விட்டால் 0.7 மீட்டர்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை, வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பாதிப் பேருக்கு வால்வே தேவையில்லை, வாயை அகலப்படுத்தினாலே போதும். இந்தத் தொட்டிக்கு இரண்டும் தேவைப்பட்டது. 85 லிட்டருக்கு 800 லிட்டர் என்றால் மணிக்கு ஒன்பது சுற்றுக்கு மேல். ஏஞ்சல், கப்பி, டெட்ரா மாதிரி மீன்களுக்கு நான்கைந்து சுற்று தாராளம். ஃபைட்டர் மீனாக இருந்தால் இரண்டு மூன்றே போதும், அந்த நீளத் துடுப்பு காற்றில் விரித்த குடை மாதிரி இழுபடும். ஆக இங்கே இலக்கு 340 முதல் 425 லிட்டர்.

வாயை அடைத்தால் மோட்டார் போய்விடுமா

போகாது. கடையில் கேட்டால் பாதிப் பேர் "மோட்டார் சூடாயிடும், அடைக்காதீங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த அறிவுரை ஏர் பம்பிலிருந்து வந்தது. ஏர் பம்பில் ஒரு ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் குறிப்பிட்ட அளவு காற்றை வெளியே தள்ளியே தீரவேண்டும். வாயை அடைத்தால் அந்த அழுத்தம் சவ்வின்மேல் விழுந்து, சில வாரங்களில் கிழியும். ஆர்.ஓ. மெஷினில் இருக்கும் பூஸ்டர் பம்பும் அதே சாதி. அவற்றில் மிச்சத்தை ஒரு டீ (T வடிவில் மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு வெளியே விடுவதுதான் முறை.

தண்ணீர் பம்ப் வேறு சாதி. உள்ளே இம்பெல்லர் சுழன்று தண்ணீரை விளிம்புக்கு வீசுகிறது, அவ்வளவுதான். வாய் அடைபட்டால் உள்ளிருக்கும் தண்ணீரையே சுற்றிச் சுற்றிக் கலக்கும். தண்ணீரைத் தூக்கி வீசும் வேலை குறைவதால் மோட்டாரின் சுமையும் குறையும். பிளக்கில் செருகும் வாட் மீட்டரை மாட்டிப் பார்த்ததில் திறந்த வாயில் 17 வாட், வால்வை முக்கால்வாசி மூடியபின் 14. கூடவில்லை, குறைந்தது.

பைப் பிய்த்துக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம். 1.4 மீட்டர் உயரம் தூக்கும் பம்பால் வாயை முழுதாக மூடினாலும் உண்டாகும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.14 கிலோ. வாயில் வைத்து ஊதினால் வரும் அழுத்தத்தை விடப் பெரிய வித்தியாசமில்லை.

முழுதாக மூடி மணிக்கணக்கில் ஓடவிடுவது மட்டும் கூடாது. இம்பெல்லர் அறைக்குள் அடைபட்ட தண்ணீர் புதிய தண்ணீர் வராமல் சூடேறிக்கொண்டே போகும். தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் குப்பிகள் இளகும், பிளாஸ்டிக் இம்பெல்லர் கோணும். பெட்டியில் போட்ட அளவில் கால் பங்குக்குக் கீழே இறக்காமலிருப்பது பாதுகாப்பான வழக்கம். 1000 லிட்டர் பம்பை 250க்குக் கீழே கொண்டுபோக வேண்டிய நிலைமை வந்தால், வாங்கியது தப்பான பம்ப் என்று அர்த்தம்.

அடைப்பது எப்போதும் வெளியேறும் வாயில், உறிஞ்சும் வாயில் இல்லை. காரணமாக உடனே கேவிடேஷன் என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த அளவுப் பம்பில் அது நடக்காது. இதன் இழுவை முழுவதும் சேர்ந்தாலே 0.14 கிலோ, தண்ணீர் அறை வெப்பத்தில் கொதித்து ஆவிக்குமிழாக உடைய அது போதவே போதாது. உண்மையில் நடப்பது வேறு. அழுத்தம் குறையும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து நுண்குமிழாகி இம்பெல்லருக்குள் சேரும், கரகரவென்று சத்தம் வரும். சின்ன இடுக்கு வழியே தண்ணீர் வேகமாக உறிஞ்சப்படுவதால் இறாலும் குஞ்சு மீனும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டராக இருந்தால், உள்குழாயை நெரித்தவுடன் மூடியின் ரப்பர் வளையம் வழியே காற்றை இழுக்க ஆரம்பிக்கும். பம்பின் முகப்பிலேயே ஒரு சின்னத் தள்ளுமூடி இருக்கிறதே என்று கேட்கலாம். அது உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் குறைக்க அதைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. பாதிக்கு மேல் குறைக்க அதை நம்பக்கூடாது. இந்தப் பம்பில் அதை முழுதாக மூடினாலும் 600 லிட்டருக்குக் கீழே போகவில்லை.

ஃபேன் ரெகுலேட்டர் வேண்டாம்

இந்த யோசனை எல்லாருக்கும் ஒருமுறை வரும். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் மீன் தொட்டி பம்புகளில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். காந்தமே சுழலும் பாகம். கரண்ட் வினாடிக்கு 50 முறை முன்னே போய்ப் பின்னே திரும்பும் தாளத்தோடு சேர்ந்துதான் அது சுழலும், நிமிடத்துக்கு 3000 சுற்று. வோல்டேஜைக் குறைத்தால் தாளம் மாறாது, அதனால் வேகமும் மாறாது. திருகு விசை மட்டும் குறையும். ஒரு கட்டம்வரை அதே 3000, அதற்குக் கீழே திடீரென்று நின்று, உர்ரென்று அதிர்ந்துகொண்டு சூடாகும். ரெகுலேட்டரைப் பாதியில் வைத்து ஓடிக்கொண்டிருந்தாலும், கரண்ட் போய் வந்தால் திரும்பக் கிளம்பத் தெம்பிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குப் போய் வரும் கரண்டுக்கு யார் எழுந்து பார்ப்பது?

சாமான்கள்

எல்லாம் ஹார்டுவேர் கடைச் சரக்கு. மீன் கடைகளில் விற்கும் பச்சைக் குழாய், பச்சை வால்வு அழகாக இருக்கும், விலை நாலு மடங்கு. சிபிவிசி பைப்பில் (சுடுதண்ணீர் லைனுக்குப் போடும் க்ரீம் நிற பிளாஸ்டிக் பைப்) ஒரு வசதி இருக்கிறது. அரை இன்ச் சிபிவிசியின் வெளிவிட்டம் 15.9 மி.மீ., 16 மி.மீ. உள்விட்டமுள்ள வளையும் குழாய் அதன்மேல் கச்சிதமாக ஏறும். பச்சைத்தண்ணீர் லைனுக்குப் போடும் யுபிவிசியில் அரை இன்ச் என்றால் வெளிவிட்டம் 21 மி.மீ.க்கு மேல், அதற்குக் குழாய் தேடி அலையவேண்டும். இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை என்று திரும்ப நடப்பது வழக்கமாக நடக்கும் கூத்து.

வாங்கியது: அரை இன்ச் சிபிவிசி பால் வால்வு (உள்ளே துளையுள்ள பந்து திரும்பி மூடும் வால்வு) ஒன்று, அரை இன்ச் பைப் ஒரு அடி, அரை இன்ச் எல்போ ஒன்று, இரு பக்கமும் முக்கால் இன்ச்சும் நடுவில் அரை இன்ச்சுமாக இருக்கும் ரெட்யூசர் டீ ஒன்று, முக்கால் இன்ச் பைப் இரண்டரை அடி, முக்கால் இன்ச் எண்ட் கேப் இரண்டு, 16 மி.மீ. வளையும் குழாய் ஒரு மீட்டர், கேபிள் டை ஒரு கட்டு, கிளிப் வைத்த ரப்பர் கப் நான்கு. கடையில் "அண்ணா, பித்தளை இல்லாம ஃபுல் பிளாஸ்டிக், ஒட்டுற மாடல்" என்று அழுத்திச் சொல்லவேண்டும். இல்லையென்றால் கீஸர் லைனுக்குப் போடும் பித்தளை மரை வைத்த வால்வு கைக்கு வரும். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. இறாலுக்கும் நத்தைக்கும் மிகக் குறைந்த செம்பே விஷம். கைப்பிடியில் இருக்கும் திருகும் இரும்பாக இருக்கலாம். காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் திருகு போட்டுக்கொள்வது நல்லது.

தகடு இறங்கி மூடும் கேட் வால்வு போட்டால் இன்னும் நுணுக்கமாகத் திருப்பலாம், பல சுற்று இருக்கும். ஆனால் அரை இன்ச்சில் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பித்தளைதான். பால் வால்வு கால் சுற்றில் முடிந்துவிடும். கொஞ்சம் பொறுமையாகத் திருப்பினால் போதும்.

பொருத்துவது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. திரும்பச் செருகும்போது வயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகாமல், சாக்கெட்டை விடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறவேண்டும். வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டு மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்பதையும் இதே சாக்கில் பார்த்துவிடலாம்.

முக்கால் இன்ச் பைப்பை 30 செ.மீ. நீளத்தில் இரண்டாக வெட்டி, டீயின் இரு பக்கமும் செருகி, முனைகளில் எண்ட் கேப். இதுதான் ஸ்ப்ரே பார். டீயின் அரை இன்ச் வாயில் ஒரு சின்னத் துண்டு பைப், எல்போ, வால்வு, மறுபடி 5 செ.மீ. பைப், அதன்மேல் வளையும் குழாய், குழாயின் மறுமுனை பம்பின் வாயில். குழாயின் முனையைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் இளகி ஏறும். ஏறியதும் கேபிள் டை.

எங்கும் சால்வென்ட் சிமென்ட் போடவில்லை. சிபிவிசி சாக்கெட்டுகள் உள்ளே போகப்போக லேசாகக் குறுகும், அழுத்திச் செருகினாலே 0.14 கிலோவுக்குத் தாங்கும். ஏதாவது இணைப்பில் கசிந்தாலும் கசிவது தொட்டிக்குள்தான். ஒட்டாமல் விட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் கழற்றி பிரஷ் விடலாம். தொட்டிக்கு வெளியே போகும் பைப்பாக இருந்தால் கதை வேறு, அங்கே ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உள்ளே தண்ணீர் ஓடவிட்டுக் கொட்டிய பிறகுதான் மீன் பக்கம் கொண்டுபோகவேண்டும்.

புது வால்வுக்குள் வழுவழுப்பான கிரீஸ் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும், சோப்பு வேண்டாம். வால்வின் எடையைப் பம்பின் ரப்பர் கப் தாங்காது, ஒரு வாரத்தில் கண்ணாடியிலிருந்து நழுவிவிடும். பாரில் மூன்று கப், வால்வுக்கு ஒன்று தனியாக. கைப்பிடி தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே, முழங்கை நனையாமல் எட்டும் இடத்தில் இருந்தால் பிறகு திருப்பச் சோம்பல் வராது. க்ரீம் நிறம் முதலில் கண்ணை உறுத்தும். ஒரு மாதத்தில் பாசி ஏறி, பைப் இருப்பதே தெரியாது.

துளைகள்

முக்கால் இன்ச் சிபிவிசியின் உள்விட்டம் சுமார் 18 மி.மீ., குறுக்குப் பரப்பு 254 சதுர மி.மீ. 4 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு 12.6. இருபது துளை போட்டால் 251, பைப்பின் பரப்புக்குச் சமம். ஒவ்வொரு பக்கமும் பத்து, மூன்று செ.மீ. இடைவெளி. நேர்கோடு போட, பைப்பை மேசையில் வைத்துப் பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து அதன் விளிம்போடு பென்சிலை இழுக்கலாம். முதலில் 2 மி.மீ. பிட்டால் துளைத்து, பிறகு 4. நேரடியாக 4 வைத்தால் உருண்டைப் பைப்பின்மேல் பிட் வழுக்கும். சிலர் ஊசியைச் சுடவைத்துக் குத்துவார்கள். துளையைச் சுற்றி உருகிய விளிம்பு எழும்பி, ஒவ்வொரு தாரையும் ஒவ்வொரு திசையில் போகும், அதனால் டிரில்லே மேல். துளைத்தபின் உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்துப் பிசிறை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அதில்தான் முதல் பாசி பிடிக்கும்.

பாரை நடுவிலிருந்து ஊட்டியதற்குக் காரணம் உண்டு. ஒரு முனையில் பம்பும் மறு முனையில் மூடியும் வைத்தால், பம்ப் பக்கத்துத் துளைகளில் நிறைய வரும் என்றுதான் தோன்றும். நடப்பது நேரெதிர். பைப்புக்குள் வேகமாக ஓடிவரும் தண்ணீர் ஒவ்வொரு துளையைத் தாண்டும்போதும் கொஞ்சம் குறைந்து, வேகம் தளர்ந்து, மூடிய முனையில் போய் நிற்கிறது. இழந்த வேகம் அங்கே அழுத்தமாகிறது. அதனால் கடைசித் துளைகள்தான் பலமாகப் பீய்ச்சும், முதல் துளைகள் முனகும். நடுவிலிருந்து இரண்டாகப் பிரித்து விட்டால் ஒவ்வொரு கையிலும் வேகம் பாதி, இந்த ஏற்றத்தாழ்வு நாலில் ஒரு பங்காகிவிடும். நடுவில் டீ போட இடமில்லாதவர்கள் பம்ப் பக்கம் துளைகளை நெருக்கி, மூடிய பக்கம் தள்ளித் தள்ளிப் போடலாம்.

பக்கெட் கணக்கு

வால்வைக் கண்ணளவில் வைப்பது வீண். 10 லிட்டர் பக்கெட்டும் போனில் ஸ்டாப்வாட்சும் போதும். 36,000-ஐ வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். பாரைக் கழற்றிவிட்டு, வால்வின் வாயில் ஒரு முழம் குழாயைச் செருகி, பக்கெட்டைத் தொட்டிக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, குழாயின் முனை தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கே இருக்கும்படி பிடிக்கவேண்டும். முனையை ஒரு சாண் உயர்த்திப் பிடித்தால் அந்த உயரத்துக்குத் தூக்கும் வேலையில் பாய்ச்சல் குறைந்து காட்டும். 1.4 மீட்டர் பம்புக்கு ஒரு சாண் சின்ன விஷயமில்லை. ஒரு சாண் தாழ்த்திப் பிடித்தால் எதிர்ப்பக்கத் தவறு வரும்.

வால்வு முழுத் திறப்பு: 44 வினாடி, 818 லிட்டர். கைப்பிடி பாதி, அதாவது 45 டிகிரி: 62 வினாடி, 580 லிட்டர். 60 டிகிரி: 95 வினாடி, 379 லிட்டர். 70 டிகிரி: 160 வினாடி, 225 லிட்டர்.

பால் வால்வின் குணம் இதில் தெரியும். முதல் பாதித் திருப்பில் குறைந்தது 240 லிட்டர்தான். அடுத்த 25 டிகிரியில் 355 போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் ஒரு மயிரிழை திருப்பினாலும் ஐம்பது லிட்டர் மாறும். "பாதி மூடினேன், ஒன்றும் குறையவில்லை" என்று வால்வைக் குறை சொல்பவர்கள் இன்னும் ஒரு விரல் திருப்பியிருக்கவேண்டும். 60 டிகிரியில் நிறுத்தி, கைப்பிடிக்கு நேராக வால்வின் உடம்பில் அழியாத மார்க்கரால் ஒரு கோடு போட்டாயிற்று. பெட்டியில் போட்ட 1000 லிட்டர் எங்கும் வரவில்லை என்பதையும் கவனிக்கலாம். அது குழாயும் உயரமும் எதுவும் இல்லாமல் அளந்தது. 1.4 மீட்டர் என்பது தண்ணீர் வெளியே வருவது நின்றுபோகும் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

பாரை மாட்டியபின் துளையிலிருந்து வரும் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர் சொச்சம். ஆரம்பத்தில் இருந்த 2 மீட்டரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒன்று. இதிலும் ஒரு லாபம்: மெல்லிய தாரை தடித்த தாரையை விடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு சாண் தூரத்தில் கையை வைத்தால் தண்ணீர் நகர்வது மட்டும்தான் தெரிகிறது. பாரின் துளைகள் பின்கண்ணாடியைப் பார்த்து, லேசாக மேல்நோக்கி. கண்ணாடியில் மோதித் திரும்பி மேற்பரப்பில் பரவுகிறது. ஏஞ்சல்கள் மறுநாள் காலை நடுத்தொட்டியில் நின்றன.

தப்புப் போகும் இடங்கள்

காற்றுக் குழாய் வைத்த பம்புகளில் முதல் ஆபத்து. பவர் ஹெட் என்ற அந்த வகைப் பம்பின் வாய்க்கருகே மெல்லிய குழாய் ஒன்று மேலே போகும். வாயில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது அதன் வழியே காற்றை உறிஞ்சிக் குமிழாக விடும். அதற்குப் பிறகு வால்வு போட்டு நெரித்தால் அங்கே வேகம் இறங்கி அழுத்தம் ஏறும், உறிஞ்சிய இடம் துப்ப ஆரம்பிக்கும். காற்றுக் குழாயின் மேல்முனை தொட்டிக்கு வெளியே தொங்கினால் தண்ணீர் சுவரில் வழிந்து சுவிட்ச் போர்டுவரை போகும். நுனி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் பம்பை நிறுத்தியபின்னும் சைஃபனாக வடியும். வால்வு போடுகிறவர்கள் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு அதன் மூக்கை மூடியால் அடைத்துவிடவேண்டும்.

அடுத்தது ஸ்பாஞ்ச். உறிஞ்சும் வாயில் மாட்டிய ஸ்பாஞ்ச் அழுக்கேறினால் அதுவும் ஒரு நெரிப்புத்தான், உறிஞ்சும் பக்கத்தில். இரண்டு வாரத்தில் பாய்ச்சல் குறைந்துவிட்டதே என்று வால்வைத் திறந்தால், ஸ்பாஞ்சைக் கழுவிய அன்று தொட்டிக்குள் புயல். அளவெடுப்பது எப்போதும் கழுவிய ஸ்பாஞ்சோடு. குறைந்தால் கழுவவேண்டியது ஸ்பாஞ்ச், வால்வு கோட்டிலேயே இருக்கட்டும். கழுவுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில். குழாயில் வரும், குளோரின் வாசனை அடிக்கும் காவிரித் தண்ணீரில் பிழிந்தால் உள்ளே குடியிருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும்.

60 டிகிரி மூடிய வால்வில் திறந்திருப்பது ஒரு மெல்லிய பிறை வடிவ இடுக்கு. இலைத்துண்டு, சின்ன நத்தை எதுவும் அங்கே சிக்கும். வாரம் ஒருமுறை முழுதாகத் திறந்து பத்து வினாடி விட்டு, மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். சில பம்புகள் ஒரு குறிப்பிட்ட நிலையில் கடகடவென்று அடிக்கும். காந்த உருளை தன் தண்டில் கொஞ்சம் மிதந்துதான் சுழல்கிறது, எதிரழுத்தம் மாறும்போது முன்னும் பின்னும் தட்டும். ஓரிரண்டு டிகிரி மேலோ கீழோ திருப்ப அடங்கும். அடங்கவில்லையென்றால் தண்டின் ரப்பர் குப்பி தேய்ந்திருக்கிறது.

அளவுக்கு மீறி அடக்கினால் மேற்பரப்பில் எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே அளவு குறைவு. ஊர் குளிர்ச்சியாக இருப்பது இதை ஓரளவு ஈடுகட்டுகிறது, ஏப்ரல் மாதத்தில் அதுவும் இல்லை. மேற்பரப்பு முழுவதும் லேசாகச் சிலிர்த்துக்கொண்டே இருக்கவேண்டும், விளக்கின் நிழல் அடி மணலில் ஆடவேண்டும். அது நின்றால் வால்வைத் திறப்பதற்குமுன் பாரை இன்னும் ஒரு விரல் உயர்த்திப் பார்க்கலாம்.

கீழே சம்ப் (மீன் தொட்டிக்கு அடியில் ஃபில்டருக்காக வைக்கும் இரண்டாவது தொட்டி) வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மிச்சத் தண்ணீரை டீ போட்டுச் சம்புக்கே திருப்பிவிடுவது வால்வால் நெரிப்பதைவிட நல்லது, சம்புத் தண்ணீரும் கலங்கும். மேலேறும் பைப்பை நெரித்தாலும் கெடுதல் இல்லை. கீழிறங்கும் பைப்பில் மட்டும், இன்னொரு அவசர வடிகால் இல்லாமல் வால்வு போடக்கூடாது. மேலேறும் பைப்பின் வாய் மேல்தொட்டியில் முங்கியிருந்தால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடவேண்டும். கரண்ட் போனதும் தண்ணீர் திரும்பிக் கீழே வடியும்போது, மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்றை இழுத்து நின்றுவிடும். துளையில் பாசி அடைத்தால் ஹாலில் வெள்ளம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு வால்வே வேண்டாம். நெரித்து 379 லிட்டர் எடுக்கும் இந்தப் பம்ப் இன்னும் 14 வாட் குடிக்கிறது, மாதம் சுமார் 10 யூனிட். 500 லிட்டர் பம்ப் 6 வாட் என்றால் 4.3 யூனிட். குடித்த வாட் எல்லாம் கடைசியில் தண்ணீரில் சூடாகத்தான் இறங்குகிறது என்பதும் உண்டு. வேகத்தையே மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோலர் வைத்த டிசி பம்ப், 12 அல்லது 24 வோல்ட். வேகத்தை 70 சதவீதமாக்கினால் பாய்ச்சல் 70 சதவீதம், தூக்கும் உயரம் பாதி, வாட் மூன்றில் ஒரு பங்கு. உயரம் இப்படிச் சட்டென்று விழுவதால் சம்புக்கு வாங்கும்போது கவனம் வேண்டும். அடாப்டர் எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பம்பில் போட்ட ஆம்பியரை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

போர்வெல் தண்ணீரில் ஓடும் பம்பில் நான்கைந்து மாதத்தில் காந்த உருளையின்மேல் வெள்ளைப் பொருக்கு ஏறும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. கரண்ட் போய் வரும்போது உர்ரென்று நின்றுவிடும், பழி வால்வின்மேல் விழும். முன்மூடியைத் திருகி, இம்பெல்லரை மெதுவாக இழுத்து எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறப்போடவேண்டும். செராமிக் தண்டைப் பக்கவாட்டில் நெம்பினால் பட்டென்று ஒடியும், நேராகவே இழுக்கவேண்டும். உருளை உட்காரும் குழியைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, எல்லாவற்றையும் இரண்டு தண்ணீரில் அலசி, மாட்டும்போது ரப்பர் குப்பிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று எப்போதும் கழுவும் தொட்டியின் ஜாலியில்தான் கிடக்கும். மாட்டி ஓடவிட்டபின் பக்கெட் கணக்கை ஒருமுறை மறுபடி போட்டு, 95 வினாடியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்துக் கோட்டைத் திருத்திக்கொள்ளலாம்.